ஜெஸீமாவை ராத்தா கொல்லவில்லை

உயர்தர வகுப்புக்குச் செய்முறைப் பாடம் நடந்துகொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும் இடத்தைப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் பிள்ளைகள் கதைத்தால் எனக்குக் கோபம் வரும். தொலைபேசி அடித்தால் இன்னும் கோபம் வரும். மேசை இலாச்சிக்குள் கிடந்த என்னுடையது விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் எடுத்தேன். முன்பு எங்கள் வலைப்பந்து அணிக்குத் தலைவியாக இருந்த பிள்ளை அழுதுகொண்டு சொன்னாள்: "டீச்சர், ஜெஸீமா டீச்சர் மௌத்தாகிட்டா."

"எந்த ஜெஸீமா?" என்று கேட்டேன். கல்முனைக்குடியில் எத்தனை ஜெஸீமா இருந்தாலும் எனக்கு ஒருத்திதான் என்று தெரிந்தும் கேட்டேன். முதல் நாள் பின்னேரம் என்னோடு சிரித்துக் கதைத்தவள். பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. வகுப்பைப் பக்கத்து அறை ஆசிரியையிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது. பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம் என்றார்கள்.

ஜனாஸா வீட்டில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். நான் ஒரு மூலையில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் இரண்டு பேர் குரலைத் தாழ்த்திக் கதைத்தது காதில் விழுந்தது.

"கிட்னி பழுதான ஆளுக்கு அந்த மருந்தக் குடுத்தா நெஞ்சு நிண்டுருமாம்கா. ராத்தாதானே குடுத்துக்கொண்டிருந்த."

"ஓம், முந்தியும் அவதானே ஆளப் படுக்கையில போட்டவ."

ஜெஸீமாவின் மூத்த சகோதரி மர்ழியா ராத்தா எதிர்ச் சுவரில் சாய்ந்திருந்தார். அவருக்கும் அது கேட்டது. கேட்டது என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், கையில் உருட்டிக்கொண்டிருந்த தஸ்பீஹ் மாலை அப்படியே நின்றுவிட்டது. நான் திரும்பி அந்த இரண்டு பேரையும் பார்த்தேன். அவர்கள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். மையித்து வீட்டில் வாய் திறந்து சண்டை பிடிக்கக்கூடாது என்பதால் அன்று விட்டேன். இன்று விடப்போவதில்லை.

பாடசாலைச் சஞ்சிகைக்கு ஜெஸீமாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். அவளுடைய நற்குணம் நாலைச் சொல்லி, சுவனம் கிடைக்கத் துஆ கேட்டு முடித்திருக்கலாம். ஆனால் அவளை அறிந்த நீங்கள் எல்லோரும் இதை வாசிப்பீர்கள், அந்தக் கதையும் இதற்குள் உங்கள் வீடுகளுக்கு வந்து சேர்ந்திருக்கும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஜெஸீமா தன் நோயை ஒருநாளும் ஒளித்தவள் அல்ல. மைதானத்தில் வைத்தே பிள்ளைகளுக்கு விளக்கியவள். ஆகவே நான் அவளுடைய இரகசியம் எதையும் உடைக்கவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே தவணையில் இந்தப் பாடசாலைக்கு வந்தோம். நான் இரசாயனவியலுக்கு, அவள் உடற்கல்விக்கு. என்னை அவள் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "என்னகா கெமிஸ்ட்ரி, முகம் அமிலமாக் கிடக்கு" என்றுதான் ஆசிரியர் அறைக்குள் நுழைவாள். நமது பிள்ளைகள் பந்து விளையாடுவதை ஊர் அவ்வளவாக விரும்பாத காலம் அது. அவள் வீடு வீடாகப் போய் வாப்பாமாரிடம் கதைத்து, மைதானத்தைச் சுற்றி உயரமாக வேலி அடிப்பித்து, அணியைச் சேர்த்தாள். ஒருநாள் ஒரு பிள்ளை முக்கியமான பந்தைத் தவற விட்டுவிட்டு அழுதது. மற்றவர்கள் அதற்குப் பந்தே கொடுக்காமல் விளையாடினார்கள். ஜெஸீமா விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினாள். "அவளுக்குக் குடுக்காம விளையாடுற எண்டா ஆறு பேரோட போய் விளையாடுங்க, எனக்கு ஏழு பேர் வேணும்" என்றாள். அவளுக்குக் கோபம் வந்தால் மைதானம் அடங்கிவிடும்.

வெயில்தான் முதலில் அவளைக் காட்டிக்கொடுத்தது. மாவட்டப் போட்டி முடிந்து வந்த கிழமை இரண்டு கன்னமும் மூக்கும் சிவந்து தடித்தன. பிறகு விரல் மூட்டுகள் வீங்கின. விசிலைப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் கிளினிக்கில் லூபஸ் என்றார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, உடம்பையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிற நோய். ஜெஸீமா பிள்ளைகளுக்கு அதை இப்படித்தான் சொன்னாள்: "எங்கட டீம் எங்கட வளையத்துக்கே பந்து போடுது. நான் என்ன செய்ய, விசில் அவனுகளுக்குக் கேக்குதில்ல." அதிபர் அவளை நூலகத்துக்கு மாற்றலாமா என்று கேட்டார். மறுநாள் அவள் பெரிய கறுப்புக் குடையோடு மைதானத்துக்கு வந்தாள், நூலகத்துக்குப் போகவில்லை.

கிளினிக்கில் டொக்டர் ஒரு எச்சரிக்கை சொல்லியிருந்தார். இந்த நோய் சிறுநீரகத்தில் கை வைக்கும், ஆகவே மாதம் தவறாமல் சிறுநீர் சோதிக்க வேண்டும், புரதம் போகிறதா இரத்தம் போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் பார்த்தார்கள். ஒவ்வொரு மாதமும் சுத்தமாக இருந்தது. நாங்களும் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

ஆனால் "சிறுநீரகம்" என்ற சொல் வீட்டுக்குள் வந்துவிட்டது. அந்தச் சொல் நமது பகுதியில் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மேற்கே வயல் வட்டைக்குப் போய் வேளாண்மை செய்தவர்களில் எத்தனை பேர் அந்த நோயில் போனார்கள். மர்ழியா ராத்தாவின் கணவரும் அவர்களில் ஒருவர். இரத்தம் சுத்திகரிக்கப் போய் வந்துகொண்டிருந்த மனிசன், ஒரு பெருநாள் வெக்கையில் தாகம் தாங்காமல் யாருக்கும் சொல்லாமல் செவ்விளநீர் வெட்டிக் குடித்தார். பொட்டாசியம் ஏறி நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். வெட்டிய கோம்பையை வளவில் கண்டெடுத்தது ராத்தாதான். அதற்குப் பிறகு அவருக்கு ஒரு சட்டம் இருந்தது: சிறுநீரகம் என்றால் இளநீர் இல்லை, வாழைப்பழம் இல்லை, கீரையை அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். பழுதாகிய சிறுநீரகத்துக்கு அது சரியான சட்டம். நமது ஊரில் யாரைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள்.

சகோதரிகள் இரண்டு பேருடைய வீடும் ஒரே வளவில். குசினி வேறு வேறு என்று பெயர்தான், ஜெஸீமாவுக்கு இரண்டு குசினியிலும் ராத்தாதான் சமைத்தார். நோய் அங்கே போகுமுன்பே தங்கச்சியின் சிறுநீரகத்தைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று அந்தச் சட்டத்தை அவளுக்கும் போட்டார். ஜெஸீமாவுக்கு வாழைப்பழம் என்றால் உயிர். ஆனாலும் ராத்தாவின் முகத்தைப் பார்த்து ஒத்துக்கொண்டாள். "மச்சான் போன கவல, என்ட தட்டில கிடந்து கரையட்டும்" என்றாள் என்னிடம்.

பிறகு ஜெஸீமாவின் கணவர் அன்வர் திடீரென்று மாரடைப்பில் போனார். அவள் இத்தாவில் உட்கார்ந்தாள். கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியேறாமல் இருக்கிற காலம் அது. அந்த வீட்டு யன்னல்களுக்குத் தடித்த சீலை போட்டார்கள். வெயில் அவளில் படவே இல்லை. சில கிழமைகளில் கன்னத்துச் சிவப்பு முற்றாக மறைந்தது. பார்க்க வந்த பெண்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். "முகம் வெளிச்சிட்டுகா, நோய் கழிஞ்சிட்டு." கிளினிக்குக்கு அவள் போகவில்லை; மருந்துக் குளிசையை மட்டும் ஆள் விட்டு எடுத்தார்கள். முகம் நன்றாக இருந்தபடியால் யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.

அந்த நாட்களில் அவள் நிறையத் தண்ணீர் குடித்தாள். இரவில் அடிக்கடி எழும்பிப் போனாள். கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்றாள். சாப்பாடு பாதியில் நின்றது. எல்லாவற்றையும் கவலையின் கணக்கில் எழுதினோம். கணவன் போன பெண் சாப்பிடாவிட்டால் யார்தான் சிறுநீரகத்தை நினைப்பார்கள்?

ஒரு சனிக்கிழமை காலை ராத்தா தொலைபேசியில் கத்தினார். "புள்ள சுபஹுக்கு ஒழும்பல்ல. கால் அசையிதில்லயாம். சுறுக்கா வாங்க." நான் போனபோது ஜெஸீமா பாயில் மல்லாந்து கிடந்தாள். முகம் தெளிவாக இருந்தது. கண் என்னைப் பின்தொடர்ந்தது. போர்வையை விலக்கி, "காலைத் தூக்கு" என்றேன். மைதானத்தில் நூறு பிள்ளைகளை ஓடவைத்த கால். பெருவிரல் கூட அசையவில்லை.

அறைக்குள் ஆளுக்கொரு கதை. அதிர்ச்சி என்றார் ஒரு மாமி. ஓதிப் பார்க்க வேண்டும் என்றார் இன்னொருவர். இத்தாவில் இருக்கிற பெண்ணை ஆண்கள் தூக்கி வானில் ஏற்றுவதா, ஊர் என்ன சொல்லும் என்று வாசலில் நின்ற ஒருவர் இழுத்தார். இதற்கிடையில் ஜெஸீமாவின் கையும் கனத்துவிட்டது. போர்வை நுனியைப் பிடிக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஆனால் வாய் இருந்தது.

"கவல மனசிலதான் இரிக்கி," என்றாள் மெதுவாக. "கால் வேற கத. என்னக் கொண்டு போங்க."

ராத்தா மௌலவிக்கு அழைத்தார். அவர் முழுவதையும் கேட்கக்கூட இல்லை. "உயிருக்குப் பயம் எண்டா என்னக் கேட்டுக்கொண்டா நிக்கிற? வாகனத்த எடுங்க" என்று தொலைபேசியை வைத்தார். அது எல்லோருக்கும் கேட்டது. கதிரையில் இருத்தி, கதிரையோடு தூக்கி வானில் வைத்தோம். வீதி நீளத்துக்கும் அவளுடைய தலை என் தோளில் கிடந்தது. பாதி வழியில் அது என் தோளிலிருந்து சரிந்தது. நிமிர்த்தச் சொன்னேன். கழுத்தும் கேட்குதில்லை என்றாள்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். மட்டக்களப்புப் பக்கத்து இளம் பெண் வைத்திய நிபுணர் ஒருவர் விறுவிறு என்று வந்தார். முடிவைப் பார்த்ததும் அவருடைய நடை மாறியதை நான் கண்டேன். பொட்டாசியம் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. தசை அசையவும் நெஞ்சு ஒழுங்காக அடிக்கவும் அது வேண்டும். கால், கை, கழுத்து என்று வந்தது அடுத்ததாக மூச்சுக்குத்தான் போகும். உடனே நாளத்தால் பொட்டாசியம் ஏற்ற வேண்டும் என்றார். தாதி போத்தலைத் தொங்கவிட்டார்.

ராத்தா பாய்ந்து தாதியின் கையைப் பிடித்துவிட்டார்.

"என்னத்தக் குடுக்கிறீங்க? பொட்டாசியமா? கிட்னிக்காரிக்கா? என்ட மனிசன் அதிலதான் மௌத்தான!"

தாதி கையை உதறினார், ராத்தா விடவில்லை. காவலாளி உள்ளே எட்டிப் பார்த்தார். டொக்டர் மட்டும் கோபப்படவில்லை. ராத்தாவின் தோளில் கை வைத்தார்.

"ராத்தா, உங்கட மனிசனுக்குச் சிறுநீரகம் பொட்டாசியத்த வெளிய விடல்ல, உள்ளுக்குத் தேங்கின. இவக்கு மறுதல. இவட சிறுநீரகம் அத ஓட்டையால ஊத்திக்கொண்டிருக்கு. தேங்கிறதுக்கு உள்ளுக்கு ஒண்டுமே இல்ல."

"சிறுநீர் நல்லம் எண்டுதானே சொன்ன! மாசா மாசம் நல்லம் எண்டுதானே சொன்ன!"

"நாங்க கிளினிக்கில பாத்தது சிறுநீரகத்துட வடிகட்டிய. அது இப்பவும் நல்லம். பழுது அதுக்குப் பிறகு வாற குழாய்கள்ல. லூபஸ் பெரும்பாலும் அங்க போறதில்ல. இவக்குப் போயிருக்கு."

எனக்கு அந்த இடத்தில் விளங்கிவிட்டது. வடிகட்டியால் இறங்குகிறதில் உடம்புக்கு வேண்டியதைத் திரும்ப எடுத்து, வேண்டாத அமிலத்தை வெளியே தள்ளுவது அந்த நுண்குழாய்களின் வேலை. அவை பழுதானால் பொட்டாசியம் போய்விடும், அமிலம் உள்ளே தங்கும். இரத்தம் அமிலமாகியிருந்தது, சிறுநீரோ அமிலமாக வேண்டிய அளவு ஆகவில்லை. அந்த அமிலத்தை ஏன் உடனே முறிக்கவில்லை என்று நான் டொக்டரிடம் கேட்டேன். படிப்பிக்கிற புத்தி எங்கேயும் விடாது. முதலில் அதைச் செய்தால் இருக்கிற பொட்டாசியமும் இன்னும் இறங்கும், நெஞ்சு தாங்காது என்றார். ஆனால் எனக்கு விளங்கி என்ன பயன்? கையைப் பிடித்திருந்தது நானல்ல. செவ்விளநீர்க் கோம்பையைக் கண்டெடுத்த ஒரு பெண்ணுக்கு இதை எந்தச் சமன்பாட்டால் விளக்குவது?

அப்போது ஜெஸீமாவின் குரல் கேட்டது. குரல் என்று சொல்ல முடியாது, மூச்சுதான்.

"ராத்தா. கைய விடுங்க. மௌத்தானா நான் உங்களக் குத்தம் பிடிக்கமாட்டன்."

ராத்தா கையை விட்டார். விட்ட கையைத் தன் வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் வெளி வாங்கில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே இயந்திரத்தின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது கொஞ்சம் மாறினாலும் ராத்தா எழும்பிவிடுவார். நான் இருத்துவேன். நடுப்பகல் லுஹர் தொழுகை நேரம் போனது. ஒரு தடவை இரண்டு தாதிமார் உள்ளே ஓடினார்கள், கதவை மூடிவிட்டார்கள். ராத்தா சத்தமாக ஓதத் தொடங்கினார். நான் ஓதக்கூட மறந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அஸருக்குக் கொஞ்சம் முந்தி டொக்டர் கதவைத் திறந்து எங்களைக் கூப்பிட்டார். ஜெஸீமா வலது கையின் சுட்டுவிரலைத் தூக்கிக் காட்டினாள். பிறகு அதை ராத்தாவை நோக்கி ஆட்டினாள், பிழை விட்ட பிள்ளையை எச்சரிப்பதுபோல. ராத்தா அழுதுகொண்டு சிரித்தார்.

பிறகு சிறுநீரகத்தில் சிறு துண்டு எடுத்துப் பார்த்தார்கள். வடிகட்டிகளில் பெரிதாக ஒன்றும் இல்லை. குழாய்களைச் சுற்றித்தான் அழற்சி மொய்த்திருந்தது. முகம் வெளித்தபோது நோய் கழியவில்லை, உள்ளே இடம் மாறியிருந்தது. அதற்கு மருந்து கூட்டினார்கள். குழாய்கள் முழுதாகத் திருந்தவில்லை. ஆகவே தினமும் பொட்டாசியப் பாணி குடிக்க வேண்டும் என்றார்கள். ராத்தா இத்தனை நாளும் விலக்கிவைத்த இளநீர், வாழைப்பழம், கீரை எல்லாம் தாராளமாகச் சாப்பிட வேண்டும்.

வீட்டுக்கு வந்த நாளில் நடந்ததும் இந்தக் கட்டுரைக்கு ஒரு காரணம். உறவுப் பெண்கள் கூடியிருந்தார்கள். ஒரு மாமி எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "இனி மர்ழியா இந்தக் குசினிக்குள்ள வரப்படா. நல்லது செய்யப் போய் புள்ளையக் கொல்லப் பாத்திட்டா." ராத்தா எழும்பித் தன் வீட்டுப் பக்கம் நடந்தார். ஜெஸீமா அப்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். அப்படியே நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"ராத்தா, நில்லுங்க. இந்த வீட்டில இந்த விசயத்தில பிழை விட்ட ஆள் நீங்க மட்டும்தான். அப்ப இத அடிபட்டுப் படிச்ச ஆளும் நீங்க மட்டும்தான். இவங்க ஒருத்தரும் இன்னம் படிக்கல்ல." மருந்துப் பையை நீட்டினாள். "இந்தாங்க. இனி நீங்கதான் தரணும். வேற ஆள் தந்தா குடிக்கமாட்டன்."

மாமிக்கு முகம் கறுத்துவிட்டது. ராத்தா பையை வாங்கவில்லை. ஜெஸீமா கையை நீட்டிக்கொண்டே நின்றாள். கால் நடுங்கத் தொடங்கியது, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். விழுந்துவிடுவாளோ என்று நான் பக்கத்தில் போனேன். "நீ தள்ளி நில்லுகா கெமிஸ்ட்ரி" என்றாள். கடைசியில் ராத்தா வந்து பையையும் அவளையும் சேர்த்துப் பிடித்தார்.

அதற்குப் பிறகு வந்த வருடங்கள் நல்ல வருடங்கள். இத்தா முடிந்து, உடம்பு தேறி, குடையோடு மைதானத்துக்கு வந்தாள். அந்தப் பாணியின் கசப்பைப் பற்றி அவள் சொன்ன பகிடிகளை இங்கே எழுத அதிபர் விடமாட்டார். காலையும் மாலையும் ராத்தா அளந்து ஊற்றிக் கொடுத்தார். மாதம் தவறாமல் இரத்தம் சோதித்தார்கள். கிளினிக்கில் டொக்டர் கேள்வி கேட்டால் ஜெஸீமா ராத்தாவைக் காட்டுவாள்.

சென்ற வருடம் ஒரு காலை, பாடசாலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது ராத்தா என் வாசலில் நின்றார். போர்த்தியிருந்த சோலின் நுனிக்குள் பாணிப் போத்தல். முகம் வெளிறியிருந்தது.

"புள்ள, அவட கணுக்கால் வீங்கிக் கிடக்கு. தலையிடி எண்டுறா. முந்தி இராவைக்கு எத்தின தரம் ஒழும்புவா, நேத்து ஒருக்காவும் ஒழும்பல்ல. காலையிலயும் போகல்ல." போத்தலை வெளியே எடுத்தார். "நான் இதக் குடுக்கவா, விடவா?"

நான் தொலைபேசியைத் தேடி எடுத்தேன்.

"விட்டுத்தான் அண்டைக்கு அவ விழுந்த," என்றார். "இண்டைக்குக் குடுத்து விழுந்திட்டா? குடுத்தாலும் பயமாரிக்கி, விட்டாலும் பயமாரிக்கி. அவ 'தாங்க ராத்தா, நேரமாகுது' எண்டு கைய நீட்டிக்கொண்டு இரிக்கா. ஓடி வந்திட்டன்."

ராத்தாவே அந்த டொக்டருக்கு அழைத்தார். போத்தலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வீக்கத்தையும் தலையிடியையும் சிறுநீர் போகாததையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார்.  டொக்டரின் குரல் எனக்கும் கேட்டது: "குடுக்க வேணாம் ராத்தா. ஒரு சொட்டும் வேணாம். இப்பவே கொண்டு வாங்க."

இம்முறை பொட்டாசியம் ஏறியிருந்தது. நெஞ்சுத் துடிப்புப் படத்தில் அதன் அடையாளம் தெரியத் தொடங்கியிருந்தது. "அந்தக் காலை மருந்தும் உள்ளுக்குப் போயிருந்தா..." என்று டொக்டர் தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டார். லூபஸ் இந்தத் தடவை வேறு வழியால் வந்திருந்தது. சிலருக்கு இந்த நோய் இரத்தத்தை உறையத் தூண்டும். சிறுநீரகத்தின் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களுக்குள் சிறு சிறு உறைவுகள் அடைத்து, உள்ளே இரத்தம் போகாமல் சில நாட்களுக்குள் வேலை நின்றுவிட்டது. சிறுநீரில் அப்போதும் கொஞ்சப் புரதம்தான். கிளினிக் போய்ச் சில கிழமைகள்தான் ஆகியிருந்தன.

ஜெஸீமா மாற்றத்தைக் கேட்டுவிட்டு, "அல்லாஹ் எனக்கு ரெண்டு பேப்பர் தந்திரிக்கான்கா. முதல் பேப்பர்ட விடைய ரெண்டாம் பேப்பர்ல எழுதினா பூச்சியம்" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவளோடு திரும்பி வந்த அன்றே ராத்தா அந்தப் போத்தலையும், அலமாரியில் இருந்த மற்றதையும் வளவில் ஊற்றினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு ஒரு துளி பொட்டாசியமும் அந்த வீட்டில் யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. ஊரில் கதைக்கிறவர்கள் இந்த இடத்தை இரண்டு தரம் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இரத்தம் சுத்திகரிக்கப் போய் வந்தபடியே, உறையாமல் இருக்கும் மருந்தோடு, அவள் இன்னும் ஒரு தவணை முழுவதும் எங்களோடு இருந்தாள். குடைக்குக் கீழே கதிரை போட்டு இருந்து விசில் ஊதினாள். ராத்தா காலை தவறாமல் அளந்து கொடுத்தது வேறு மருந்துகள். போன மாதம் ஒரு காலை, தொழுகைக்கு வுழூச் செய்துவிட்டு வந்தவளுக்கு மூச்சு இழுத்தது. வாகனம் வரும் முன்பே முடிந்துவிட்டது. டொக்டரிடம் நான் நேரே போய்க் கேட்டேன். பெரும்பாலும் காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கும் என்றார். மருந்து போட்டும் அது நடப்பதுண்டாம். "அந்த ராத்தா இல்லாட்டி போன வருசமே போயிருப்பா. அத அவவிட்டச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். ராத்தா தலையாட்டினார். ஆனால் அவர் கேட்டுக்கொண்டிருந்தது என்னை அல்ல, ஜனாஸா வீட்டில் எனக்குப் பின்னால் இருந்த அந்த இரண்டு பேரை. மருந்து என்றாலே இப்போது கை பின்வாங்குகிறது என்று அவருடைய மகள் சொன்னாள். பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது பாணியை அளக்க மாட்டேன் என்று வெளியே போய்விட்டாராம்.

எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. ஜெஸீமா இருந்திருந்தால் என் கோபத்தைப் பார்த்துச் சிரித்திருப்பாள், பிறகு எழும்பிப் போய் ஏதாவது செய்திருப்பாள். கோபப்படுவது எனக்கு முன்பே நன்றாக வரும். அதற்குப் பிறகு எழும்பிப் போவதுதான் அவளிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது. வேறு ஒன்றையும் அந்த வீட்டிலிருந்து எடுத்து வரவில்லை.

என் உம்மாவுக்குச் சீனி வருத்தம், இரத்த அழுத்தம் இரண்டும் இருக்கின்றன. குளிசைகளை நான்தான் பிரித்துக் கொடுப்பேன். பாடசாலை நாட்களில் அவசரத்தில் நேரம் தவறும். நேற்றுப் பின்னேரம் உம்மாவின் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ராத்தாவிடம் போனேன். வாசல் கதிரையில் இருந்தார். பெட்டியை மடியில் வைத்தேன்.

"பகலைக்கு நான் வீட்டில இல்ல. உம்மாக்கு நீங்கதான் குடுக்கணும்."

ராத்தா பெட்டியைத் தொடாமல் கையை இரண்டு பக்கமும் தூக்கி வைத்திருந்தார். "எனக்கிட்டயா?" என்றார். "ஊர் கதைக்கிறது உங்களுக்குக் கேக்கல்லயா, புள்ள?"

"கேட்டுத்தான் கொண்டு வந்தன்."

அஸருக்குப் பாங்கு சொல்லி முடிந்தது. ராத்தா கண்ணைத் துடைத்தார். மூடியைத் திறந்து, முதல் குளிசை அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என்னத்துக்கு, எப்ப குடுக்கிற? ஒவ்வொண்டாச் சொல்லுங்க," என்றார். "மெதுவாச் சொல்லுங்க."